கதவு திறந்த பிறகுதான் கண் திறக்குமா?

2014-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி. அமெரிக்காவில் நியூஜெர்சி மாகாணத்துக் கடற்கரையில் உள்ள அட்லாண்டிக் சிட்டி நகரம். அங்கே ஒரு சூதாட்ட விடுதியில் லிப்டின் கதவு திறந்தது. கட்டுமஸ்தான ஒரு வாலிபர், நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணை உள்ளேயிருந்து தரையோடு தரையாக இழுத்து வெளியே போட்டார்.

அந்த வாலிபர் யாரோ ஊர் பேர் தெரியாதவர் அல்ல. பால்டிமோர் ரேவன்ஸ் கோஷ்டியின் நட்சத்திர ஆட்டக்காரர் ரே ரைஸ். முந்தின ஆண்டுதான் அந்தக் கோஷ்டி ‘சூப்பர் பவுல்’ எனப்படும் இறுதிப் பந்தயத்தில் வென்று, நாட்டின் சாம்பியன் பட்டம் பெற்றிருந்தது. கீழே கிடந்தவர் அவருக்கு மனைவியாக நிச்சயிக்கப்பட்டிருந்த பெண். அவருடைய குழந்தையின் தாய்.

லிப்டுக்கு வெளியே இருந்த காமிரா இந்தக் காட்சியைப் படம் பிடித்தது. நான்கே நாளில் அந்தப் படம் நாடு முழுவதும் பரவியது. உள்ளே என்ன நடந்தது என்பதை அப்போது பொதுமக்கள் பார்க்கவில்லை. ஆனால் அதற்காக யாரும் ஊகம் செய்ய வேண்டியிருக்கவில்லை. கையால் அடித்து நினைவிழக்கச் செய்தார் என்று போலீஸார் தங்கள் புகார்ப் பத்திரத்திலேயே எழுதியிருந்தார்கள்.

எழுத்தில் இருந்த இந்த உண்மைக்கு எவ்வளவு மதிப்புக் கிடைத்தது? இதுதான் இந்த வரலாற்றில் மிகவும் கசப்பான பகுதி.

இரண்டு பந்தயம்!

உலகின் பெரும்பகுதியில் கால்பந்து என்றால் காலால் உதைத்து ஆடுவது. அமெரிக்காவில் அந்தப் பெயரால் வழங்கும் ஆட்டம் வேறு. முட்டை வடிவமான பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓட வேண்டும். எதிரிகள் குறுக்கே பாய்ந்து, தோளால் மோதித் தரையில் வீழ்த்துவார்கள். அந்த ஆட்டத்தைத் தொழிலாக நடத்துவது தேசியக் கால்பந்து லீக். 1920-ல் பிறந்த இந்த அமைப்பில் 32 கோஷ்டிகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டால் நாட்டில் பாதிப்பேர் டெலிவிஷன் முன்னால்தான் இருப்பார்கள் என்று சொன்னால் பெரிய மிகையாகாது. பணத்திலும் செல்வாக்கிலும் இதற்கு ஈடான விளையாட்டு ஸ்தாபனம் அங்கே வேறில்லை.

மார்ச் 27-ந் தேதி ரைஸ்மீது கடுமையான தாக்குதல் குற்றம் சாட்டப்பட்டது. மறுநாளே அவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. மே மாதம் கோர்ட்டு அவருக்கு ஒரு சலுகை அளித்தது. ஆலோசனை வகுப்புகளுக்குச் சென்று, குறித்த காலம்வரை நன்னடத்தையோடு இருந்தால், சிறையும் இல்லை, வழக்கும் தள்ளுபடி ஆகும்.

அதே மாதம் கோஷ்டி ஏற்பாடு செய்த பத்திரிகைக்காரர் கூட்டத்தில் கணவனும் மனைவியும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அன்று இரவு நடந்ததில் தம்முடைய பங்குக்காக மிகவும் வருந்துவதாக மனைவி சொன்னார். அடிபட்டவர் வருத்தம் தெரிவித்தார்! அதைக் கோஷ்டி நிர்வாகம் பெருமையோடு ஊருக்கெல்லாம் செய்தியாக அனுப்பியது.

ஜூன் 16-ந் தேதி லீகின் கமிஷனர் ரோஜர் குடெல் விசாரணை நடத்தினார். மனைவியும் அழைக்கப்பட்டார். ஆனால் கணவன் அருகில் இருக்கும்போதே! அடித்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடிபட்டவரிடம் விவரம் கேட்பது விசாரணை ஆகாது என்பது, குடும்பத் தகராறுகளைக் கவனிக்கும் சாதாரணப் போலீஸ்காரருக்கும் தெரிந்த பாலபாடம். கோடிக்கணக்கான டாலர் வருமானம் உள்ள லீகுக்கு அது தெரியவில்லை.

ஜூலை 24-ந் தேதி தீர்ப்பு வந்தது. இரண்டு பந்தயங்களில் ஆடக்கூடாது. அவ்வளவுதான்.

அடுத்த மாதமே இன்னொரு தீர்ப்பும் வந்தது. கிளீவ்லந்து கோஷ்டியின் ஜோஷ் கார்டன் கஞ்சா உபயோகித்ததாகச் சோதனையில் தெரிந்தது. அவருக்குக் குறைந்தது ஓர் ஆண்டு விலக்கு! பிறகு அது பத்துப் பந்தயமாகக் குறைக்கப்பட்டது என்றாலும், இரண்டுக்கும் பத்துக்கும் உள்ள தூரத்தைக் கணக்குப் போட்டுக் காட்டவேண்டிய அவசியம் இல்லை. தன் உடம்பைக் கெடுத்துக்கொண்டவருக்கு ஐந்து பங்கு; பெண்ணின் உடம்பில் கை வைத்தவருக்கு ஒரு பங்கு.

எங்கும் கண்டனம் எழுந்தது. ஆகஸ்டு 28-ந் தேதி குடெல், கோஷ்டிகளின் சொந்தக்காரர்களுக்கு எழுதிய கடிதத்தில், தாம் செய்தது சரியல்ல என்று ஒப்புக்கொண்டார். இனிமேல் வீட்டில் வன்முறை செய்பவருக்கு முதல் தடவை ஆறு பந்தயம் விலக்கு. இரண்டாம் தடவை நிரந்தரத் தடை, ஓராண்டு கழித்தே மனுச் செய்யலாம் என்று புதுவிதி வகுத்தார்.

செப்டம்பர் 8

பிறகு செப்டம்பர் 8-ந் தேதி வந்தது. லிப்டுக்கு உள்ளே இருந்த காமிராவின் படம் அன்று வெளியாயிற்று. அடி விழுவதை நாடே கண்ணால் பார்த்தது. அன்றைய தினமே ரேவன்ஸ் கோஷ்டி ரைஸை நீக்கியது. லீக் அவரைக் காலவரையறை இல்லாமல் விலக்கியது. மனைவி வருத்தம் தெரிவித்ததாக அனுப்பிய பழைய செய்தியையும் கோஷ்டி அவசர அவசரமாக அழித்துவிட்டது.

ஜூலை 24-க்கும் செப்டம்பர் 8-க்கும் இடையே என்ன மாறியது? குற்றம் மாறவில்லை. குற்றவாளி மாறவில்லை. அடிபட்டவர் மாறவில்லை. பார்த்தவர்களின் தொகை ஒன்றுதான் மாறியது.

ரைஸ் தங்களிடம் உண்மையை மறைத்துவிட்டார், அதனால்தான் முதல் தண்டனை குறைந்தது என்று லீக் சமாதானம் சொல்லிப் பார்த்தது. அந்தச் சமாதானம் நிற்கவில்லை. மத்திய நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற பார்பரா ஜோன்ஸ் மத்தியஸ்தராக இருந்து விசாரித்தார். ரைஸ் லீகை ஏமாற்றவில்லை, ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை தண்டித்தது செல்லாது என்று அவர் நவம்பர் 28-ந் தேதி தீர்ப்பளித்தார். எப்.பி.ஐ.யின் முன்னாள் தலைவர் ராபர்ட் முல்லரும் தனியாக விசாரித்தார். உள்ளே எடுத்த படத்தை லீக் முன்னதாகவே பெற்றதற்கு ஆதாரம் இல்லை என்று அவருடைய அறிக்கை 2015 ஜனவரியில் கூறியது. ஆனால் கையில் இருந்த தகவல்களை வைத்துக்கொண்டே லீக் இன்னும் ஆழமாக விசாரித்திருக்க வேண்டும் என்றும் அதே அறிக்கை கண்டித்தது.

வழக்கில் வென்றும் ரைஸ் மறுபடி லீகில் ஆடவில்லை. எந்தக் கோஷ்டியும் அவரை அழைக்கவில்லை. அவரைவிட மோசமான காரியங்கள் செய்தவர்கள், படம் இல்லாத காரணத்தால், அவருக்குப் பின்பும் ஆடினார்கள்.

எழுதிய விதி ஆறு; கொடுத்தது ஒன்று

புதுவிதி வந்த பிறகாவது எல்லாம் நேராயிற்றா?

நியூயார்க் ஜயண்ட்ஸ் கோஷ்டியில் ஜோஷ் பிரவுன் என்று ஓர் ஆட்டக்காரர். 2015 மே மாதம் மனைவியைத் தாக்கியதாகக் கைதானார். 2016 ஆகஸ்டில் லீக் அவருக்கு அளித்த தண்டனை ஒரே ஒரு பந்தயம். ஆறு என்று விதி எழுதிய மை உலர்ந்து இரண்டு வருஷம் ஆகவில்லை! போதிய தகவல் கிடைக்கவில்லை என்று லீக் சொன்னது. அக்டோபரில் போலீஸ் தஸ்தாவேஜுகள் வெளியாயின. மனைவியைக் கொடுமைப்படுத்தியதாக அவரே தம் கைப்பட எழுதிவைத்திருந்த குறிப்புகள் அவற்றில் இருந்தன. சில நாட்களில் கோஷ்டி அவரை நீக்கியது. 2017-ல் லீக் மேலும் ஆறு பந்தயம் விலக்கியது. அப்போது அவர் எந்தக் கோஷ்டியிலும் இல்லை!

கிரெக் ஹார்டி என்பவருடைய கதை இன்னொரு விதம். பெண்ணைத் தாக்கியதாகவும் மிரட்டியதாகவும் 2014 ஜூலையில் வட கரோலினாவில் ஒரு நீதிபதி அவரைக் குற்றவாளி என்றார். அந்த மாகாணச் சட்டப்படி, ஜூரிகள் முன் புதிதாக விசாரிக்கும்படி அவர் கேட்டார். 2015 பிப்ரவரியில் அந்த விசாரணைக்குப் புகார் கொடுத்த பெண் வரவில்லை. வழக்குத் தள்ளுபடி ஆயிற்று. இதற்கிடையே கரோலினா பாந்தர்ஸ் கோஷ்டியில் 15 பந்தயங்களுக்கு அவர் ஆடாமலே முழுச் சம்பளம் வாங்கினார். அந்த ஆண்டுச் சம்பளம் ஒரு கோடியே 31 லட்சம் டாலர்! வழக்கு முடிந்ததும் டல்லஸ் கோஷ்டி அவரைச் சேர்த்துக்கொண்டது. லீக் பத்துப் பந்தயம் விலக்கியது. அப்பீலில் அது நான்காகக் குறைந்தது. அந்தப் பெண்ணின் உடம்பில் இருந்த காயங்களின் போட்டோக்கள் நவம்பரில் வெளியான பிறகுதான் பொதுஜனக் கோபம் மூண்டது.

2018-ல் கன்சாஸ் சிட்டி சீப்ஸ் கோஷ்டியின் கரீம் ஹண்ட் விஷயமும் அப்படியே. ஒரு ஹோட்டல் தாழ்வாரத்தில் ஒரு பெண்ணைத் தள்ளி உதைத்த சம்பவம் பிப்ரவரியில் நடந்தது. அந்தப் பெண் அவருடைய மனைவி அல்ல. ஆனாலும் பாடம் ஒன்றுதான். சம்பவம் நடந்தது கோஷ்டிக்கு அப்போதே தெரியும். நவம்பர் 30-ந் தேதி படம் வெளியாயிற்று. அன்றே அவர் நீக்கப்பட்டார். பத்து வாரம் கழித்து, 2019 பிப்ரவரியில், கிளீவ்லந்து கோஷ்டி அவரை எடுத்துக்கொண்டது. மார்ச் மாதம் லீக் எட்டுப் பந்தயம் விலக்கியது.

போலீஸ் காகிதம் சொன்னபோது ஒரு நீதி. படம் வந்தபோது ஒரு நீதி.

முன்பே அடித்த மணி

இது 2014-ல் திடீரென்று முளைத்த வியாதி அல்ல. ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றிருந்த ஓ.ஜே. சிம்ப்சன் 1989-ல் மனைவியை அடித்த வழக்கில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடாமல் தண்டனையை ஏற்றார். சிறை இல்லை. டெலிவிஷனில் கால்பந்து வர்ணனை செய்யும் வேலையும் அவருக்குத் தடைப்படவில்லை. 1994-ல் அந்தப் பெண்மணி கொலையுண்டார். கிரிமினல் கோர்ட்டு 1995-ல் சிம்ப்சனை விடுதலை செய்தது. சிவில் கோர்ட்டு 1997-ல் அந்தச் சாவுக்கு அவரே பொறுப்பு என்றது.

2012 டிசம்பர் 1-ந் தேதி சீப்ஸ் கோஷ்டியின் ஜோவான் பெல்ச்சர், தம்முடைய மூன்று மாதக் குழந்தையின் தாயைச் சுட்டுக் கொன்றார். பிறகு கோஷ்டியின் இருப்பிடத்துக்குக் காரில் சென்று, பயிற்சியாளரின் கண்ணெதிரே தம்மையும் சுட்டுக்கொண்டார். மறுநாள் அதே ஊரில், குறித்தபடி பந்தயம் நடந்தது. சீப்ஸ் கோஷ்டி வென்றது.

1997-லேயே வன்முறைக் குற்றங்களுக்கு லீக் விதி வகுத்திருந்தது. 2007-ல் அந்த நடத்தை விதிகள் இன்னும் கடுமையாக்கப்பட்டன. ஆகவே குறை விதியில் இல்லை. விதியை எடுத்து நடத்தும் மனத்தில் இருந்தது.

மனைவி ஏன் பேசுவதில்லை?

அடி வாங்கிய பெண் போலீஸுக்குப் போகாமல் ஏன் இருக்கிறாள் என்று கேட்பவர்கள், அவளுடைய நிலையில் நின்று பார்ப்பதில்லை. அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரரில் பெரும்பாலோருக்கு அந்தத் தொழிலில் ஆயுள் சில ஆண்டுகளே. ஒப்பந்தத்தில் கோடிகள் எழுதியிருந்தாலும் அதில் பெரும் பகுதிக்கு உறுதி கிடையாது. இன்றைக்கு நீக்கினால் நாளைக்குச் சம்பளம் இல்லை. ஒரு டெலிபோன் செய்தால் வீட்டின் வருமானம் முழுவதும் நின்றுவிடும் என்று மனைவிக்குத் தெரியும். குழந்தைகளின் படிப்பு, குடியிருக்கும் வீடு, கணவனை நம்பியிருக்கும் அவனுடைய தாய், தம்பி, தங்கை எல்லாரும் அந்த டெலிபோனின் மறுமுனையில் நிற்பது போல் அவளுக்குத் தோன்றும். கோஷ்டியின் ரசிகர்களோ, தங்கள் வீரனைக் கெடுத்தவள் என்று அவளையே ஏசுவார்கள்.

எனவே தண்டனையைக் கூட்டுவது மட்டும் மருந்தாகிவிடாது. கணவனுக்கு விழும் அபராதம் மனைவியின் சமையலறையிலிருந்து போகுமானால், அது அவள் வாயை இன்னும் இறுக்கிக் கட்டும். ஆட்டக்காரருக்குச் சம்பளம் நின்றாலும் குடும்பச் செலவுக்கு ஒரு பகுதி தனியே போய்ச் சேர வேண்டும். கோஷ்டிக்குக் கட்டுப்படாத ஒருவரிடம் அவள் தனியாகப் பேச வழி இருக்க வேண்டும். பேசியதற்காக அவளுக்குக் கெடுதல் வராது என்ற உறுதி வேண்டும்.

எதிர்வாதம்

லீக் என்பது கோர்ட்டு அல்ல. சட்டம் விடுதலை செய்தவரை ஒரு கம்பெனி தண்டிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டக்காரர்கள் சங்கம் பல தடவை இதைக் கேட்டிருக்கிறது. அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. டல்லஸ் கோஷ்டியின் எசக்கியல் எலியட்மீது சர்க்கார் வக்கீல் வழக்குத் தொடர மறுத்துவிட்டார். அவரோ தாம் அடிக்கவே இல்லை என்றார். ஆனாலும் 2017-ல் லீக் அவரை ஆறு பந்தயம் விலக்கியது. பல மாதம் கோர்ட்டுப் படிகளில் அந்த வழக்கு ஏறி இறங்கியது. குற்றம் சாட்டுபவரும், விசாரிப்பவரும், தீர்ப்பளிப்பவரும், அப்பீல் கேட்பவரும் ஒருவரே என்றால், அங்கே யாருக்கும் நம்பிக்கை பிறக்காது. அடித்தவருக்கும் பிறக்காது, அடிபட்டவருக்கும் பிறக்காது.

ஆனால் அதற்காக லீக் கை கட்டி நிற்கலாமா? எந்தக் காரியாலயமும் தன் ஊழியரின் நடத்தையைத் தானே விசாரிக்கிறது. அதை ஒழுங்காகச் செய்ய வழியும் இருக்கிறது. அமெரிக்கப் பேஸ்பால் லீக் 2015 ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் சங்கத்தோடு உட்கார்ந்து பேசி, இரு தரப்பும் ஒப்பிய விதி ஒன்றை உண்டாக்கியது. அதில் தண்டனைக்குக் கீழ்வரம்பும் இல்லை, மேல்வரம்பும் இல்லை. சிகிச்சையும் ஆலோசனையும் அதில் ஓர் அங்கம். 2016 மார்ச்சில் அரோல்டிஸ் சாப்மன் என்ற வீரர் அந்த விதியின்கீழ் 30 பந்தயம் விலக்கப்பட்டார். கோர்ட்டில் வழக்கு இல்லை. பரபரப்பான படமும் இல்லை. விசாரணை ஒன்றே போதுமானதாக இருந்தது.

கால்பந்து லீகும் மெல்ல மெல்ல அந்தத் திசையில் நகர்ந்தது. 2014 டிசம்பரில் தனி விசாரணை அதிகாரியை வைக்க முடிவு செய்தது. நியூயார்க்கில் பாலியல் குற்ற வழக்குகளை நடத்திப் பழுத்த அனுபவம் பெற்ற லிசா பிரீல் என்ற பெண் வக்கீல் அந்தப் பொறுப்புக்கு வந்தார். 2020-ல் ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி, முதல் தீர்ப்பைச் சொல்பவர் இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்தெடுத்த ஒருவர். ஆனால் அப்பீல் இன்னும் கமிஷனரிடமே போகிறது. பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

ஆட்டத்தின்மீது பழி போடலாமா?

முரட்டு ஆட்டம் ஆடுகிறவன் வீட்டிலும் முரடனாகத்தானே இருப்பான் என்று சிலர் சொல்லுவார்கள். தலையில் திரும்பத் திரும்ப விழும் இடி மூளையைக் கெடுக்கிறது என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. பெல்ச்சரின் மூளையிலும் அதன் அறிகுறிகள் காணப்பட்டன. எனினும் அதே ஆட்டத்தை ஆடிவிட்டு அமைதியாக வீடு திரும்புபவர்கள் ஏராளம். பெண்ணை அடிக்கும் வழக்கம் ஆடுகளத்தோடு நின்றுவிடுவதும் இல்லை. பொருளாதார நிபுணர்களான டேவிட் கார்டு, கார்டன் டால் இருவரும் 2011-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வெல்லும் என்று எதிர்பார்த்த உள்ளூர்க் கோஷ்டி தோற்ற நாட்களில், ஆண்கள் வீட்டுப் பெண்களைத் தாக்குவது சுமார் 10 சதவீதம் அதிகரித்தது என்று அவர்கள் கண்டார்கள். அப்படி அடித்தவர்கள் ஆட்டக்காரர்கள் அல்ல. சோபாவில் சாய்ந்து டெலிவிஷன் பார்த்த ரசிகர்கள்.

ஆட்டக்காரருக்குள்ளேயே இந்தக் கொடுமையை எதிர்த்தவரும் உண்டு. பிட்ஸ்பர்க் கோஷ்டியின் வில்லியம் கே சிறுவனாக இருந்தபோது, அவருடைய தாயை மாற்றாந்தகப்பன் சுட்டுக் கொன்றான். வீட்டு வன்முறையை எதிர்ப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட அக்டோபர் மாதத்தில், 2015-ல், அதன் சின்னமான ஊதா நிறத்தில் பூட்ஸ் அணிந்து அவர் ஆடினார். சீருடை விதியை மீறினார் என்று லீக் அவருக்கு 5,787 டாலர் அபராதம் விதித்தது! அந்த விதியை அமல் செய்யப் படம் வரட்டும் என்று லீக் காத்திருக்கவில்லை.

ரே ரைஸ் பின்னாளில் இளம் ஆட்டக்காரர்கள் முன் நின்று, தாம் செய்தது பெரும் பிழை என்று சொல்லிவந்தார். 2016-ல், தம்மை யாராவது சேர்த்துக்கொண்டால் அந்த ஆண்டுச் சம்பளம் முழுவதையும் வீட்டு வன்முறையை ஒழிக்கப் பாடுபடும் அமைப்புகளுக்குக் கொடுப்பதாகவும் கூறினார். 2023 டிசம்பர் 31-ந் தேதி பழைய ரேவன்ஸ் கோஷ்டியே அவரை மைதானத்துக்கு அழைத்துக் கௌரவித்தது. திருந்தியவருக்கு வழி விடுவது தவறல்ல. ஆனால் மனிதன் திருந்தினான் என்பதற்காக நிர்வாகமும் திருந்திவிட்டது என்று கணக்கு எழுதிவிடக் கூடாது.

‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. அதே அர்த்தத்தை வேறு வார்த்தையில், ‘அது அவர்கள் வீட்டு விவகாரம்’ என்று அமெரிக்காவிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். லிப்டில் விழுந்த அந்த அடி அந்தப் பேச்சை அசைத்துவிட்டது. ஆனால் லிப்டுக்கு ஒரு காமிரா இருந்தது. படுக்கையறைக்கும் சமையலறைக்கும் காமிரா இல்லை; இருக்கவும் கூடாது. அங்கே அடிபட்டவளின் சொல் ஒன்றுதான் சாட்சி. படத்துக்குக் காத்திராமல், அந்தச் சொல்லைத் தனியாகக் கேட்டு, பயமில்லாமல் சொல்லவிட்டு, இரு தரப்பையும் நியாயமாக விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் நாளில்தான் லீக் நீதி செய்தது என்று ஒப்புக்கொள்ளலாம். அதுவரையில் அது தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்கிறது என்று மட்டுமே சொல்ல முடியும்.